அமைதிக்குக் கொடுத்த முடி

என் வேலை கத்துவது. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிக்கிற கண்ட்ரோலர் நான். வேலூர், காஞ்சிபுரம், திருத்தணி, பெங்களூர் என்று எந்தப் பஸ் எங்கே நிற்கிறது என்பதை முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் எட்டு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. சொல்லி முடித்த அடுத்த நிமிடம் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "வேலூர் பஸ் எங்க சார்?" என்பார்கள். இப்படிப்பட்ட வேலை பார்ப்பவன் வீட்டுக்கு வந்ததும் எதை எதிர்பார்ப்பான் என்று சொல்லத் தேவையில்லை. கடவுள் எனக்குக் கொடுத்ததோ, மைக்கே இல்லாமல் என்னைவிட நன்றாக அறிவிக்கிற ஒரு மகளை.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆட்டிசம் என்று நாலு வயதிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் பேசுவதில் முக்கால்வாசி நான் பஸ் ஸ்டாண்டில் பேசுவதுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து கட்டிலில் குதித்துக்கொண்டே, "ப்ரயாணிகுலகு விக்ஞப்தி, வேலூர் வெள்ளே பஸ்ஸு ஏடோ நம்பர் பிளாட்ஃபாரம் தெக்கர சித்தங்கா உந்தி" என்று ஏழாம் பிளாட்ஃபாரத்து வேலூர் பஸ்ஸைத் தெலுங்கில் அறிவிக்க ஆரம்பிப்பாள். என் குரல், என் இழுவை, நடுவில் நான் இருமுகிற இருமல் உட்பட. பகலெல்லாம் நான் அனுப்பிவைத்த பஸ்கள் மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டிருக்கும். குழம்பில் கத்திரிக்காய் இருந்தால் தட்டு பறக்கும். சீப்பை எடுத்தால் தெருமுனைவரை ஓடுவாள். முடி வெட்டுவதென்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஐந்தாவது ஆள் வெட்ட வேண்டும்.

எங்கள் தலைக்கு மேலே, மாடியில், ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒருவர் குடியிருந்தார். தெலுங்குக்காரர். ஐந்து மணி அறிவிப்பு முடிவதற்குள் அவருடைய கைத்தடி மேல் தரையை இடிக்கும். வீட்டுக்காரரிடம் எங்களைப் பற்றி அவர் கொடுக்காத புகார் இல்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

இந்த நிலையில் ஊரில் ஒரு டாக்டர், கத்தலைக் குறைக்க என்று ஒரு மாத்திரை எழுதினார். அதே வாரம் என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள். பெண் ஒரு மண்டலம் அமைதியாக இருந்துவிட்டால் மூன்று பேரும் திருப்பதி மலைக்கு வந்து முடி கொடுக்கிறோம் என்று. மாத்திரை, வேண்டுதல் இரண்டில் எதன்மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு வீட்டில் சத்தம் இல்லை. எனக்குத்தான் விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்ப வந்து படுத்து நன்றாகத் தூங்கினேன்.

மனைவி காலண்டரில் அன்றைய தேதிமேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். மறுநாள் இன்னொன்று. பொட்டு ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போனபோது எங்களுக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. குதிப்பது நின்றது. ஓடுவது நின்றது. பாத்ரூம் வாசலில் உள்ளே போகாமல் கால் மணி நேரம் நிற்பாள். பொறுமை வந்துவிட்டது என்றோம். எடுத்த சோறு வாய்க்குப் பாதி தூரத்தில் கையோடு நிற்கும். "நிதானமா துன்றா பாரு" என்றாள் மனைவி. குளிப்பாட்டுவது எவ்வளவு சுலபமாகிவிட்டது தெரியுமா? கையைத் தூக்கிவிட்டால் அது தூக்கியபடியே நிற்கும். சோப்புப் போட்டுவிட்டு நாமாக இறக்கிவிட வேண்டியதுதான். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து, பாலசமுத்திரத்துச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டேன். நாற்பது கும்பிடுகள் வந்தன. எதற்கும் வாய் திறக்காத என் பெரிய மச்சான்கூட, "எல்லாம் அவன் செயல்" என்று எழுதினார்.

நாற்பத்தெட்டாவது பொட்டு வைத்த வாரமே மலைக்குப் போனோம். கியூவில் அவ்வளவு நேரம் அவள் நின்றதைப் பார்த்து முன்னால் நின்ற அம்மாள் தன் மகனுக்குப் புத்தி சொன்னார். முடி எடுக்கிற இடத்தில் என் கண் நாலு பேரைத் தேடியது. பழக்க தோஷம். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும் என்று அங்கே சவரம் செய்கிற பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். தேவையே இருக்கவில்லை. அந்தப் பெண் தண்ணீர் தெளித்து, தலையைப் பிடித்துக் குனியவைத்து, கத்தியை வைத்தார். மகள் மூச்சுக்கூட விட்டாளா என்று தெரியவில்லை. "பங்காரு தல்லி" என்று தெலுங்கில் தங்கமே எனக் கொஞ்சிக் கன்னத்தைத் தட்டினார் அந்தப் பெண். அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. மகள் குனிந்த தலையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒன்றும் இல்லை, கத்தி இல்லை, கை இல்லை, ஆனாலும் குனிந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகு சாப்பாடு குறைந்தது. அரை இட்லி, பிறகு கால் இட்லி, பிறகு ஸ்பூனில் கஞ்சி. காலையில் பாத்ரூமில் விட்டால் ஒரு சொட்டு வராது. சாயங்காலம் நின்ற இடத்திலேயே நனைந்துவிடும். மாத்திரை எழுதிய டாக்டரிடம் போனோம். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு, சோர்வுக்கு ஒரு டானிக் எழுதினார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் மாத்திரை எழுதினார், நான் மொட்டையே போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. கைத்தடியோடு மாடி அம்மா. இத்தனை வருடத்தில் படி இறங்கி எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. இப்போதுதான் சத்தமே இல்லையே, இன்னும் என்ன புகார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

"பில்லகி ஏமைந்தி?" என்றார். தமிழில் மறுபடியும் கேட்டார். "பொண்ணுக்கு என்ன பண்ணீங்க? ரெண்டு மாசமா பஸ்ஸே போகலியே."

"மாறிட்டாம்மா. சாமி புண்ணியம்" என்றேன்.

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மகள் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எச்சில் வழிந்து தாடையில் காய்ந்திருந்தது. மாடி அம்மா அவள் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை நடுங்க வைத்திருப்பாரோ அந்தக் குரலில் சொன்னார்: "இது மாறினது இல்ல சார். தினமும் காலையில் இவ எந்த பஸ்ஸ முதல்ல சொல்வா, எதுல நிறுத்துவான்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் சுரம் வந்தாலும் தெரியும். இவளுக்கு என்னவோ ஆயிடுச்சு. நாளைக்கே திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போகலன்னா நான் போலீசுக்குப் போவேன்." பெற்ற நாங்கள் இரண்டு பேரும் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நாட்களில், அவளை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டவர் அவள்மேல் புகார் கொடுத்தவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மூன்று மொட்டைகளும் திருப்பதி பஸ் ஏறினோம். புத்தலப்பட்டு தாண்டும்வரை அவள் கழுத்து இடது பக்கம் திரும்பியபடி இருந்தது, நான் நேராக்கினேன். திருப்பதியில் இறங்கும்போது வினை. ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் முப்பது பேர் மூட்டையோடு நிற்கிறார்கள். மனைவி கீழே இருந்து கையை இழுக்கிறாள். கண்டக்டர் எனக்குத் தெரிந்தவர், அதனால் திட்டவில்லை. "சார், நீங்க மைக்ல சொன்னா எறங்குவாங்களோ என்னவோ" என்று சிரித்தார். வேறு வழி தோன்றாமல் நான் அதைத்தான் செய்தேன். நடுப் பஸ்ஸில் நின்று, தொண்டையைச் செருமி, திருப்பதி வந்துவிட்டது, தயவுசெய்து இறங்குங்கள் என்று வேலைக் குரலில் தெலுங்கில் சொன்னேன்: "ப்ரயாணிகுலகு விக்ஞப்தி, திருப்பதி வச்சிந்தி, தயசேசி திகண்டி." காற்றில் இருந்த கால் இறங்கியது. அடுத்த காலும் இறங்கியது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் என் அறிவிப்பைக் கேட்டு அதன்படி நடந்த முதல் பயணி அவள்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். திருத்தணிப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் மூன்று தலைகளையும் பார்த்துவிட்டு, "மலைக்கிப் போய் வந்தீங்களா? இன்னா வேண்டுதல்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

மனைவி சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அமைதியா இருக்கணும்னா? என்னிக்கி ஆரம்பிச்சிது இந்த அமைதி?"

மனைவி பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தாள். வேண்டுதல் கணக்கு, தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தாள். டாக்டர் அந்தக் குங்குமப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எந்த வீட்லயும் இவ்ளோ கரெக்டா தேதி சொன்னதில்ல" என்றார். பாராட்டா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

பிறகு மகளின் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டு எடுத்தார். கை அங்கேயே நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. இறக்கிவிடப் போனேன். "விடுங்க, எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பாக்கறேன்" என்றார். நாலு நிமிடம் ஆயிற்று. அந்த நாலு நிமிடத்தில் நாங்கள் தினமும் சோப்புப் போட்ட கை அது என்பதைத் தவிர எனக்கு எதுவும் ஓடவில்லை. பஸ் படியில் நடந்ததைக் கேட்டதும் உடனே குறித்துக்கொண்டார். தானாகச் செய்ய முடியாது, வெளியிலிருந்து யாராவது ஒரு தள்ளு கொடுத்தால் நடக்கும், அதுவும் இந்த நோயின் குணம்தானாம்.

"இதுக்குக் கேட்டடோனியான்னு பேரு. அடங்கிப் போனது இல்ல, உடம்பு பூட்டிக்கிச்சி. உள்ள இருந்துக்கினு பாத்துக்கினு இருப்பா, கேட்டுக்கினு இருப்பா, ஆனா சாவி கையில இல்ல. ஆட்டிசம் இருக்கறவங்களுக்கு இந்த வயசுல வரலாம். கத்தறதுக்குக் குடுத்த மாத்திரை இன்னும் மோசமாக்கும், இன்னிக்கே அத நிறுத்திடறோம். இப்படியே தண்ணிகூட இறங்காம போச்சின்னா உயிருக்கே ஆபத்து." குரலை மாற்றாமல் சொன்னார்: "கத்தற பசங்கள மறுநாளே கூட்டினு வந்துருவாங்க. இவங்கள மட்டும் லேட்டாத்தான் கூட்டினு வருவாங்க. வீடு நிம்மதியா இருக்குது இல்லியா."

என்ன மருந்து என்று கேட்டேன். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற மருந்து, முதலில் ஊசியாகப் போட்டுப் பார்ப்போம் என்றார். சிலையாக நிற்கிறவளுக்குத் தூக்க மருந்தா என்று நான் மனைவியைப் பார்த்தேன். டாக்டருக்கு இந்தப் பார்வை பழக்கம் போலிருக்கிறது. "மத்தவங்க தூங்குவாங்க, இவ முழிச்சிக்குவா. பாருங்க" என்றார்.

ஊசி போட்டுப் பத்து நிமிடம் இருக்கும். முதலில் கண் சிமிட்டினாள். அதற்கு முன் அவள் எப்போது சிமிட்டினாள் என்று எனக்கு நினைவில்லை. பிறகு மனைவியின் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தானாக வாங்கிக் குடித்தாள், பாதி பாட்டில், கழுத்தெல்லாம் வழிய. மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைத் தொட்டாள். பின்பக்கம் தடவினாள், முன்பக்கம் தடவினாள். அவள் முகம் மாறியது. "வேணாம்" என்றாள். "வேணாம் நைனா. வேணாம் வேணாம் வேணாம்." இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நாற்காலிக்குக் கீழே போய் ஒடுங்கிக்கொண்டாள். மலையில் கத்தி தலையில் பட்டபோது சொல்ல வேண்டியதை, மூன்று வாரம் கழித்து, வாய் திறந்ததும் முதல் வேலையாகச் சொன்னாள். அப்படியானால் அன்று அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் மட்டும் பூட்டு எவ்வளவு திறந்தது என்று தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார், நல்ல மதிப்பெண்ணாம்.

மூன்று மணி நேரத்தில் ஊசியின் வேலை முடிந்து மறுபடி பூட்டிக்கொண்டது. இது இப்படித்தான், இந்த மருந்தையே மாத்திரையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். இதில் சரிவராவிட்டால் மயக்கம் கொடுத்துக் கரண்ட் வைக்கிற சிகிச்சை உண்டு, பயப்பட வேண்டாம் என்றார்கள். நாங்கள் பயந்தோம். ஆனால் அதற்கு வேலை வரவில்லை. ஐந்தாம் நாள் தானாக எழுந்து நடந்தாள். ஆறாம் நாள் கொடுத்ததைச் சாப்பிட்டாள். பாத்ரூம் போகச் சொன்னால் போனாள். கூப்பிட்டால் திரும்பினாள். குதிக்கவில்லை, ஓடவில்லை, ஒரு பஸ்ஸையும் கிளப்பவில்லை. பார்க்க வந்த பெரிய மச்சான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இத மாதிரியே இருந்துட்டா போதும்பா, வேற இன்னா வேணும்" என்றார்.

ஏழாம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் எங்களிடம் கேட்டார். "இப்ப பாதி தூரம் வந்துருக்கா. இன்னும் ஏத்தினா முழுசா வருவா. முழுசான்னா எல்லாமேதான் வரும், முன்ன இருந்த கத்தல், ஓட்டம், எல்லாமே. ஏத்தறதுதான் சரி, பாதியில நின்னா திரும்பப் பூட்டிக்கலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் புரிஞ்சிக்கினு சரின்னு சொல்லணும். ஏத்தலாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சரி என்ற பதில் இருந்தது, என் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றாள். நான், "நாளைக்கிச் சொல்றங்க" என்றேன்.

பொய் சொல்வதில் என்ன இருக்கிறது. எனக்கு இந்த மகளைப் பிடித்திருந்தது. சாப்பிடுகிறாள், நடக்கிறாள், சத்தம் போடவில்லை. பத்தொன்பது வருடமாக நான் கேட்டது இதுதான், கேட்ட அளவிலேயே, கூடாமல் குறையாமல் கிடைத்திருக்கிறது. இன்னும் ஏற்றுங்கள் என்று சொல்ல எந்த மடையனுக்கு மனம் வரும்?

மனைவி என்னோடு பேசாமல் குளிக்கப் போய்விட்டாள். நான் மகளுக்கு இட்லி ஊட்டினேன். விண்டு நீட்டினால் வாயைத் திறந்தாள். நாலு இட்லி போயிற்று. "போதுமா?" என்றேன். வாயைத் திறந்தாள். பசி போலிருக்கிறது, நல்லதுதானே என்று கடைக்கு ஓடி இன்னும் நாலு வாங்கிவந்தேன். அஞ்சு. ஆறு. பக்கத்துக் கட்டில்காரர்களைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன். ஏழாவது இட்லியில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காரம் என்று நினைத்தேன். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. "போதுமா கண்ணு?" என்றேன், கை பாட்டுக்கு நீண்டுகொண்டே. வாயைத் திறந்தாள். அடுத்த நொடி சாப்பிட்டது அத்தனையும் என் மடியில் வந்து விழுந்தது. துடைத்துவிடத் துண்டை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். துண்டுக்கும் வாயைத் திறந்தாள்.

நனைந்த லுங்கியோடு டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார், மாத்திரை அளவை மாற்றுவது இனி மறுநாள் ரவுண்ட்ஸில்தான் என்றார்கள். மறுநாள் காலை அவர் கட்டில் பக்கம் வருவதற்குள்ளேயே, "ஏத்துங்க" என்றேன். அவர் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்த ரொம்ப நாளாகுமாம். சீட்டில் இருக்கிற அளவைப் பார்த்துவிட்டு மெடிக்கல் ஷாப்காரர் மாதாமாதம் என்னை மேலும் கீழுமாகப் பார்க்கிறார், போதைக்கு வாங்குகிறவன் என்றே முடிவு செய்துவிட்டார். வீட்டில் பழைய களேபரம் அத்தனையும் திரும்பியாயிற்று. எனக்கு எரிச்சலும் வருகிறது, தினமும் வருகிறது, அதையும் மறைக்கப் போவதில்லை.

இதே மாதிரி பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் கேள்விப்பட்டு, வெதுருகுப்பத்திலிருந்தெல்லாம் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். எதை வைத்து அடையாளம் கண்டுகொள்வது, எங்கே போவது என்று தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் கதையில் டாக்டர் எங்களைக் கேட்ட இடம் வரும்போது, "அவங்க கேட்ட வாய மூடறதுக்குள்ள, ஏத்துங்கன்னு சொல்லிட்டோம்" என்கிறேன். அந்த இடம் வந்தால் மட்டும் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.